பலூனில் இருந்த காற்று

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதற்கப்புறம் நான் எழுதினதெல்லாம் மளிகை லிஸ்ட்டும், மகள் ஹாஸ்டலில் இருந்தபோது அவளுக்குப் போட்ட நாலைந்து கடிதமும்தான். எது முன்னே, எது பின்னே என்று சில இடத்தில் மறந்தும் போகிறது. எங்கள் வீட்டுக்கு வருகிற நர்ஸ் சிஸ்டர்தான், "நீங்க வாயத் தொறந்து சொல்லமாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்மா. எழுதியாச்சும் வைங்க. கழுத்துல டியூபோட ஆளை வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றவங்க யாராச்சும் படிப்பாங்க" என்று இரண்டு மூன்று தரம் சொன்னாள். அதனால் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் பஸ்ஸுக்கு பாடி கட்டுகிற இடத்தில் முப்பது வருஷம் பெயின்ட் அடித்தவர். நெஞ்சில் எப்போதும் ஒரு கரகரப்பு உண்டு. ஒரு மழைக்காலத்தில் அது நிமோனியா ஆயிற்று. மூன்று வாரம் மெஷின் வைத்து மூச்சு கொடுத்தார்கள். வாய் வழியாகப் போட்ட குழாயை அதற்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று, தொண்டைக்குக் கீழே சின்னதாகத் துளை போட்டு, வளைந்த டியூப் ஒன்றை உள்ளே வைத்து, கழுத்தைச் சுற்றி நாடாவால் கட்டினார்கள். பிறகு மெஷின் கழன்றது. டியூப் கழலவில்லை. சளி ஜாஸ்தி, விழுங்குகிற பலமும் வரவில்லை, கொஞ்ச காலம் டியூபோடுதான் இருக்கணும் என்று டாக்டர் சொன்னார்.

அவர் சொன்னதில் எனக்கு விளங்கினது ஒன்றுதான். இனி இவருக்கு மூச்சு மூக்கில் இல்லை, கழுத்தில் இருக்கிறது. சுண்டுவிரல் தடிமன் துளை. அது அடைத்தால் ஆள் இல்லை.

டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, மகளைப் பார்த்துக் கேட்டார்.

"வீட்ல கூட யாரு இருப்பாங்க?"

"அம்மாதான் டாக்டர்."

"படிச்சவங்க யாரும் இல்லையா?"

மகள் பொம்மனஹள்ளியில் இருக்கிறாள். வேலை இருக்கிறது, இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமைதான் லிங்கராஜபுரத்தில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வரமுடியும். "அம்மா கத்துப்பாங்க" என்றாள். அவள் குரலில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

"கத்துக்கிட்டா சரி. இல்லன்னா இப்படிப்பட்டவங்களப் பாத்துக்கிற ஹோம் இருக்கு, அங்க சேத்துருங்க. இதுல விளையாட முடியாது" என்றார்.

படுக்கையில் இருந்தவர் அதைக் கேட்டுவிட்டார். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். ஆட்டினது போதாதென்று என் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டார். நாற்பத்தாறு வருஷத்தில் அவர் நாலுபேர் முன்னால் என் முந்தானையைப் பிடித்தது அன்றைக்குத்தான்.

ஆஸ்பத்திரியிலேயே எட்டு நாள் எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் இந்தச் சிஸ்டர். கோலார் தங்கவயல் பக்கத்துப் பெண். பேச்சு படபடவென்று இருக்கும், கை நிதானமாக இருக்கும். சளி உறிஞ்சுகிற சக்ஷன் மெஷினை ஓடவிட்டு, மெல்லிய ரப்பர் குழாயை என் கையில் கொடுத்தாள்.

"அம்மா, உங்க மூச்சைப் பிடிச்சுக்கிட்டு குழாயை உள்ள விடுங்க. உறிஞ்சுற நேரம் அவருக்கும் மூச்சு கிடையாது. உங்களுக்கு மூச்சு வேணும்போல இருக்கறதுக்கு முன்னாடியே வெளிய எடுத்துரணும்."

அதுதான் எனக்குக் கணக்கு. கடிகாரம் பார்க்கத் தேவையில்லை. என் நெஞ்சே சொல்லிவிடும். உள்ளே இருக்கிற சின்ன டியூபைக் கழற்றிக் கழுவி மறுபடி மாட்டுவது, துளையைச் சுற்றித் துடைப்பது, நாடாவுக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு விரல் போகிறதா என்று பார்ப்பது, எல்லாம் வந்துவிட்டது. பாத்திரம் தேய்க்கிற கைக்கு இது வராதா என்று நினைத்துக்கொண்டேன். பயம் எல்லாம் பலூனில்தான்.

கழுத்துக்குள் இருக்கும் டியூபைச் சுற்றி ஒரு பலூன் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது. வெளியே நூல்போல ஒரு குழாய் தொங்கும். அதன் முனையில் புளியங்கொட்டை அளவில் இன்னொரு குட்டி பலூன். வெளியே இருப்பது உப்பியிருந்தால் உள்ளே இருப்பதும் உப்பியிருக்கிறது என்று அர்த்தம். ஊசியில்லாத சிரிஞ்சால் காற்றை ஏற்றலாம், எடுக்கலாம். மூக்கில் போட்ட டியூப் வழியாகக் கஞ்சி கொடுக்கும்போது காற்று ஏற்றணும். அப்போதுதான் ஏதாவது மேலே வந்தாலும் நுரையீரலுக்குள் இறங்காது. கொடுத்து ஒரு மணி நேரம் கழித்துக் காற்றை எடுத்துவிடணும்.

காற்றை எடுத்த பிறகு பேசுகிற மூடி. ஊதாக் கலரில், சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியது. அதைக் கழுத்து டியூபின் வாயில் மாட்டினால் மூச்சு உள்ளே போகும், அந்த வழியாக வெளியே வராது. டியூபைச் சுற்றி மேலே ஏறி, குரல்வளை வழியாக வாய்க்கு வரும். அப்போது பேச்சு வரும். பலூன் உப்பியிருந்தால் சுற்றி ஏற இடம் இல்லை. உள்ளே போன மூச்சு உள்ளேயே நிற்கும். மேலும் மேலும் போகும், ஒன்றும் வெளியே வராது.

"பலூனைப் பாக்காம மூடி போட்டீங்கன்னா, தலகாணிய வெச்சு அமுக்கின மாதிரிதாம்மா" என்று சிஸ்டர் சொன்னாள். "அப்புறம் இன்னொண்ணு. மூடி இருக்கிற வரைக்கும் அவர் மூஞ்சிலேர்ந்து கண்ண எடுக்காதீங்க. போன் அடிச்சாலும், பால் பொங்கினாலும்."

இப்படித்தான் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். கட்டிலை முன்னறையில் போட்டோம். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல், அதன்மேல் சக்ஷன் மெஷின், சுவரில் ஒரே ஒரு பிளக் பாயின்ட்.

எங்களுக்குள் ஒரு சிக்கல் இருந்தது, அது அதுவரைக்கும் சிக்கலாகத் தெரிந்ததில்லை. அவர் இந்த ஊரிலேயே பிறந்து கன்னட ஸ்கூலில் படித்தவர். தமிழ் பேசுவார், எழுதத் தெரியாது. எனக்குத் தமிழ்தான் எழுதப் படிக்க வரும், கன்னடத்தில் பஸ் நம்பரைத் தவிர ஒன்றும் படிக்க வராது. வாய் இருக்கிறவரை இது யாருக்கு வேண்டும். குரல் போனதும் மகள் ஒரு வெள்ளை போர்டும் பேனாவும் வாங்கிக் கொடுத்தாள். அவர் எழுதினார். நான் போர்டைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். அந்த அம்மா மைசூர் பக்கம். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள்.

"கஞ்சிக்கு உப்பு போட்டியான்னு கேள்த்தாரே உங்க யஜமான்ரு."

"மூக்குல போற கஞ்சிக்கு உப்பு என்னத்துக்காம்?"

"அத அவரையே கேளும்மா. நான் ஓதுறது மட்டும்தான்" என்று சிரித்தாள்.

ஒரு நாளைக்கு நாலு தரம் இப்படி ஓடினேன். புருஷன் பெண்டாட்டி பேச்செல்லாம் அந்த அம்மா வாய் வழியாக வரும்போது எனக்கு வெட்கமாக இருக்கும். ஆகவே அந்த ஊதா மூடி எங்களுக்கு எவ்வளவு பெரிது என்று சொல்லித் தெரியவேண்டியதில்லை. முதலில் தினம் ஐந்து நிமிஷம், பிறகு பத்து, பிறகு இருபது. முதல் நாள் மூடி போட்டதும் என்ன சொல்லப் போகிறாரோ என்று கிட்டே குனிந்து நின்றேன். கரகரவென்று ஒரு குரல் வந்தது.

"அந்த ஜன்னல் திரைய எப்பத் தோச்ச?"

இனி நான் எழுத வந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் சபையில் சனிக்கிழமை சாயந்திரம் ஐந்து மணிக்கு வீட்டு ஜெபக் கூட்டம் நடக்கும், வாரத்துக்கு ஒரு வீடு. போதகர் ஜெபிப்பார், கடைசியில் அந்த வீட்டுத் தலைவர் ஆசீர்வாதம் சொல்லி முடித்துவைக்கணும். அதுதான் வழக்கம். என் வீட்டுக்காரர் சபை மூப்பர், எத்தனையோ வீட்டில் போய் உட்கார்ந்தவர். எங்கள் வீட்டு முறை வந்தபோது, தள்ளிப்போடலாமா என்று போதகர் ஐயா கேட்டு அனுப்பினார். இவர் போர்டில் பெரிதாக எழுதினார். பக்கத்து வீட்டு அம்மா படித்தாள்: "வரட்டும். நானே முடிக்கிறேன்."

அந்த வாரம் முழுக்க மூடி போட்ட இருபது நிமிஷமும் அந்த ஆசீர்வாதத்தைத்தான் சொல்லிப் பழகினார். நாலு வார்த்தைக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்குவார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

கூட்டத்தன்று மூன்று மணிக்குக் கஞ்சி, நாலு மணிக்குக் காற்றை எடுப்பது, ஐந்தரைக்கு மூடி என்று நான் மனசில் திட்டம் போட்டிருந்தேன். அன்றைக்குப் பார்த்து மத்தியானம் சளி கட்டிக்கொண்டது. ஆவி மருந்து கொடுத்து, உறிஞ்சி, உள் டியூபைக் கழுவி மாட்டுவதற்குள் நாலு ஆகிவிட்டது. கஞ்சி கொடுத்து முடித்தபோது நாலேகால். ஐந்தேகால் வரை பலூனில் காற்று இருக்கணும். பரவாயில்லை, பாட்டு, வேத வாசிப்பு எல்லாம் முடிய நேரம் ஆகும் என்று சமாதானம் பண்ணிக்கொண்டேன்.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே எல்லோரும் வந்துவிட்டார்கள். போதகர் ஐயாவுக்கு ஆறு மணிக்குக் கல்யாண வீடு ஒன்று இருந்ததாம். பதின்மூன்று பேர். எங்கள் முன்னறையில் கட்டில் போக ஆறு பேர் உட்காரலாம். ஒரே புழுக்கம். யாரோ உள்ளறையிலிருந்து நிற்கும் ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார்கள். நல்லது என்று நினைத்தேனே தவிர, அதை எங்கே சொருகினார்கள் என்று பார்க்கவில்லை.

ஒரு பாட்டு பாடினார்கள். வேத வாசிப்பு வேண்டாம், நேராக ஜெபத்துக்குப் போகலாம் என்று ஐயா சொன்னார். இவர் என்னைப் பார்த்து விரலால் கழுத்தைத் தட்டினார். மூடி போடு என்று அர்த்தம்.

மணி ஐந்து ஐந்தோ ஐந்து பத்தோ. ஒரு மணி நேரம் ஆகவில்லை. காற்றை எடுத்தால் கஞ்சி மேலே வந்துவிடுமோ என்று ஒரு பயம். சிரிஞ்சைக் கையில் எடுத்தேன். இத்தனை பேர் முன்னால் அவர் கழுத்தைத் திறந்து காட்டவும் எனக்குக் கூசினது. ஊர் முழுக்க மதிப்போடு பார்த்த ஆள். நான் முதுகைக் கூட்டத்துக்குக் காட்டி முந்தானையை விரித்து மறைத்துக்கொண்டு குனிந்தேன். அப்போது பின்னாலிருந்து ஒரு பெண், "அக்கா, இன்னும் ரெண்டு சேர் இருக்குமா?" என்றாள். சிரிஞ்சை ஸ்டூல்மேல் வைத்துவிட்டு, சமையலறையிலிருந்து பிளாஸ்டிக் ஸ்டூல் இரண்டை எடுத்துக் கொடுத்தேன். திரும்பி வந்தேன். மறுபடி முந்தானையை விரித்தேன். மூடியை மாட்டினேன்.

சிரிஞ்சைக் கையில் எடுத்தது ஞாபகம் இருந்தது. அதனால் காற்றை எடுத்துவிட்டதாகவே என் மனசு முடிவுகட்டிவிட்டது. குட்டி பலூனைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"கண்களை மூடி ஜெபிப்போம்" என்றார் ஐயா.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சிஸ்டர் எட்டு நாள் சொன்னாள், நான் எட்டு நாளும் தலையாட்டினேன். ஆனால் பிறந்ததிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டால் என் கண் தானாக மூடும். ஜெபத்தில் கண் திறந்திருந்தால் அம்மா தொடையில் கிள்ளுவாள். அப்படி வந்த பழக்கம். அன்றைக்கு அந்த அறையில் பதினாலு பேர் கண்ணை மூடியிருந்தோம். திறந்திருந்தது அவர் கண் ஒன்றுதான்.

அந்த மூடிக்கு ஒரு சத்தம் உண்டு. ஒவ்வொரு மூச்சுக்கும் டிக் என்று கேட்கும். பழகின காதுக்குத்தான் தெரியும். ஜெபம் தொடங்கினபோது இரண்டு மூன்று தரம் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. ஃபேன் சத்தத்தில் கேட்காமல் போயிருக்கும் என்று நினைத்தேன். கண்ணைத் திறந்து பார்க்கலாமா என்றும் நினைத்தேன். ஐயா எதிரிலேயே நிற்கிறார், அவர் கண் திறந்து என்னைப் பார்த்துவிட்டால் என்ன நினைப்பார் என்று இருந்தது. இதை எழுதவே எனக்கு அவமானமாக இருக்கிறது. ஆனாலும் அதுதான் நடந்தது. அவருக்கு மூச்சு நின்றுகொண்டிருந்த நேரத்தில் நான் மரியாதையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

கட்டில் கிறீச்சென்றது. கண்ணைத் திறந்தேன்.

அவர் முகம் ஊதிப்போய், உதடு கறுத்திருந்தது. கழுத்து நரம்பெல்லாம் கயிறுபோல. நெஞ்சு மேலே ஏறியது ஏறினபடி நின்றது. ஒரு கை கட்டில் விளிம்பைப் பிடித்திருந்தது. இன்னொரு கை என் பக்கம் நீண்டு, எட்டாமல் காற்றில் நின்றது. சத்தம் போட அவருக்கு வழியில்லை. சுற்றி எல்லோரும் தலை குனிந்து கண் மூடி, ஐயா நோயாளிகளுக்காக ஜெபித்துக்கொண்டிருந்தார்.

மூடியைப் பிடுங்கினேன். உஸ்ஸென்று காற்று வந்தது, கூடவே சளி என் கன்னத்தில் அடித்தது. அப்பாடா என்று நினைத்தேன். அடுத்த மூச்சு உள்ளே போகவில்லை. அவ்வளவு நேரம் உள்ளே முட்டின காற்று கெட்டிச் சளியைக் கொண்டுவந்து டியூபில் அடைத்துவிட்டது. நெஞ்சுக் குழி உள்ளே வாங்கினது, விசில்போல ஒரு சத்தம் மட்டும்.

சக்ஷன் மெஷின் சுவிட்சைத் தட்டினேன். ஓடவில்லை. மறுபடி தட்டினேன். கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன். ஆனால் ஃபேன் ஓடுகிறதே என்று அப்புறம்தான் உறைத்தது.

இதற்குள் எல்லோரும் கண் திறந்துவிட்டார்கள். ஒருத்தர் "தண்ணி குடுங்க, தண்ணி" என்றார். ஒருத்தர் "படுக்க வைங்க" என்று தலையணையை இழுத்தார். ஒரு பெண் சத்தமாக ஜெபிக்கத் தொடங்கினாள். ஐயா இவர் தலையில் கை வைக்க முன்னால் வந்தார்.

"தொடாதீங்க. எல்லாரும் வெளிய போங்க."

அது என் குரல்தான். என் வாழ்க்கையில் போதகரைப் பார்த்து நான் பேசின முதல் முழு வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். யாரும் நகரவில்லை. "போங்கன்னு சொல்றேன் இல்ல" என்றேன். நகர்ந்தார்கள்.

உள் டியூபைத் திருகி வெளியே எடுத்தேன். அதன் வாய் முழுக்க அரக்குபோலச் சளி. எடுத்ததும் ஒரு மூச்சு போனது, பாதி மூச்சு. அது போதும் எனக்கு. கட்டிலுக்குக் கீழே குனிந்து ஃபேன் வயரைப் பிடுங்கிவிட்டு மெஷின் பிளக்கைச் சொருகினேன். மூன்று முள்ளும் ஓட்டையில் சேராமல் இரண்டு தரம் வழுக்கினது. ஓடினது. ரப்பர் குழாயை மாட்டினேன். என் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே விட்டேன். எடுத்தேன். அவரை மூச்சு விடவிட்டேன். மறுபடி பிடித்து, மறுபடி உள்ளே விட்டேன். எத்தனை தரம் என்று தெரியாது. ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்ட விரலில் மாட்டுகிற மெஷினில் எழுபத்தொன்று காட்டினது, எண்பது ஆனது, வெகு நேரம் எண்பத்தாறிலேயே நின்றது. தொண்ணூற்றிரண்டு வந்த பிறகுதான் குழாயைக் கீழே வைத்தேன். தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் குட்டி பலூனைத் தொட்டேன். கல் மாதிரி உப்பியிருந்தது. சிரிஞ்ச் ஸ்டூல்மேல் நான் வைத்த இடத்திலேயே கிடந்தது.

வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். "என்னாச்சு அக்கா?" என்றார்கள். "சளி அடைச்சிருச்சு" என்றேன். அது பொய்யில்லை. ஆனால் உண்மையும் இல்லை. இவர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

மறுநாள் கோவிலில், ஜெபத்தின் நடுவிலேயே கர்த்தர் நம் மூப்பரைச் சாவிலிருந்து தூக்கினார் என்று ஐயா சாட்சியாகச் சொன்னாராம். மகள் அங்கே போய்விட்டு நேராக வீட்டுக்கு வந்தாள், கண் கலங்கி என்னைக் கட்டிக்கொண்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அவள் பயந்துபோய் டாக்டரிடம் சொல்வாள், டாக்டர் ஹோமில் சேர்க்கச் சொல்வார். அவர் மறுபடி என் முந்தானையைப் பிடிப்பார்.

சாயந்திரம் மகள், "அப்பா, ஒரு பத்து நிமிஷம் பேசுங்களேன்" என்று என் கையில் மூடியைக் கொடுத்தாள். நான் கிட்டே போனேன். அவர் உள்ளங்கையால் கழுத்தைப் பொத்திக்கொண்டார். சிரித்தபடிதான் பொத்தினார், ஆனால் கையை எடுக்கவில்லை. போர்டை எடுத்து ஒரே வார்த்தை எழுதினார்.

"பேடா, வேணாமாம். டயர்டா இருக்கார் போல" என்றாள் மகள்.

திங்கட்கிழமையும் போர்டில் அதே வார்த்தைதான். கன்னடத்தில் நான் படிக்கக் கற்றுக்கொண்ட முதல் வார்த்தை அது. சளி உறிஞ்ச விட்டார், துடைக்க விட்டார். ஊதா மூடியை எடுத்தால் மட்டும் கை கழுத்துக்குப் போகும். ஹோமுக்கு அனுப்பிவிடுவார்களோ என்பதைவிட இது எனக்குப் பெரிதாக இருந்தது. என் கையிலேயே அவருக்குப் பயம்.

செவ்வாய்க்கிழமை சிஸ்டர் வந்தாள். வாஷ் பேசினில் கை கழுவிக்கொண்டிருந்தபோது அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். முகத்தைப் பார்த்திருந்தால் வந்திருக்காது. சேர் எடுக்கப் போனதைச் சொன்னேன், பலூனைத் தொடாததைச் சொன்னேன். கண்ணை மூடினதைக் கடைசியில் சொன்னேன். அவள் குழாயை நிறுத்திவிட்டு வெகு நேரம் கையைத் துடைத்தாள்.

"டாக்டர்கிட்ட சொல்லணும்மா. மறைக்க எனக்கு ரைட்ஸ் கிடையாது."

"சொல்லு."

"நீங்களே சொல்லுங்க. அதான் நல்லது."

போன் போட்டு என் கையில் கொடுத்துவிட்டாள். டாக்டரோடு நான் பேசினதே இல்லை. எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன்.

"அடைச்சப்புறம் முதல்ல எதை எடுத்தீங்க?" என்றார்.

"உள் டியூபை."

"மெஷினுக்கு முன்னாடியா?"

"மெஷின் ஓடல. அதனால."

"ம்." அப்புறம் சொன்னார், "ரெண்டு வாரம் மூடியே வேணாம். அந்த பிளக்ல இனி வேற எதுவும் சொருகக் கூடாது, டேப் ஒட்டிருங்க. ரெண்டு வாரம் கழிச்சு சிஸ்டர் முன்னாடி நீங்களே போடுங்க. அவங்க பாத்துட்டு சொல்லட்டும், வீடா ஹோமான்னு."

அந்த இரண்டு வாரம் எப்படிப் போனது என்று எனக்குச் சரியாக ஞாபகமில்லை. ஒரு நாள் போதகர் ஐயா பார்க்க வந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அவருக்கு டீ கொடுத்துவிட்டு, கதவோரம் நின்று, "ஐயா, அன்னைக்கு என் தப்பாலதான்" என்று தொடங்கி முழுக்கச் சொல்லிவிட்டேன். தான் சபையில் சொன்னது பொய்யாகிவிட்டதே என்று அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். டீயைக் குடித்து முடித்தார்.

"நானும்தானம்மா கண்ண மூடியிருந்தேன். அவருக்கு நேரா நின்னுக்கிட்டு" என்றார்.

டாக்டர் சொன்ன நாள் வந்தது. காலையில் பதினொரு மணி. கட்டிலின் கால்மாட்டில் சிஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், உதவ மாட்டேன் என்கிற மாதிரி. நான் சளியை உறிஞ்சினேன். சிரிஞ்சை எடுத்தேன், காற்றை இழுத்தேன், குட்டி பலூன் சப்பையாகிவிட்டதா என்று தொட்டுப் பார்த்தேன். மூடியை எடுத்தேன்.

அவர் கை கழுத்துக்குப் போனது.

நான் நின்றுவிட்டேன். அவர் கட்டாயப்படுத்தினால் கேட்கிற ஆள் இல்லை. எவ்வளவு நேரம் நின்றேனோ. பிறகு அவர் கை மெதுவாகக் கழுத்திலிருந்து இறங்கி, தொங்குகிற நூல் குழாயைத் தடவிப் பிடித்தது. குட்டி பலூனைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நசுக்கிப் பார்த்தார். இன்னொரு தரம் நசுக்கினார். என் முகத்தைப் பார்த்தார். பிறகுதான் தாடையைக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தார்.

மாட்டினேன். டிக் என்றது. மூச்சு வாய்க்கு வந்தது. அவர் என்னோடு பேசவில்லை, சிஸ்டரோடு பேசினார்.

"இவளுக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் குடுக்கணும் சிஸ்டர்."

"கண்ணாடி இருக்கு. கண்ணைத்தான் மூடிட்டேன்" என்றேன்.

அவர் சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது. மூடியைச் சட்டென்று எடுத்தேன். இருமி முடித்ததும், பலூனை அவரே மறுபடி நசுக்கிப் பார்த்துவிட்டுத் தாடையைத் தூக்கினார். சிஸ்டர் ஜன்னல் பக்கம் போய் டாக்டருக்குப் போன் போட்டாள். "வீட்லயே இருக்கட்டும் டாக்டர்" என்று மட்டும் கேட்டது.

டியூப் இன்னும் இருக்கிறது. எப்போது எடுப்பார்கள் என்று தெரியாது. இன்றைக்கும் மூடி போடும் முன்னே அவர் விரலால் பார்க்காமல் விடமாட்டார். நானும் அவர் பார்க்காமல் போடமாட்டேன். ஜெபக் கூட்டத்தில் எல்லோரும் கண்ணை மூடும்போது நான் மட்டும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். புதிதாக வருகிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

ஒரு வேண்டுகோள். இதில் நான் எழுதின விவரம் எல்லாம் சரிதானா என்று எனக்குத் தெரியாது. கஞ்சிக்கு அப்புறம் ஒரு மணி நேரம் என்றது எங்கள் டாக்டர் எங்களுக்குச் சொன்னது, மற்றவர்களுக்கு மாறலாம். பலூனில் எவ்வளவு காற்று என்பதை நான் வேண்டுமென்றே எழுதவில்லை, அது டியூபுக்கு டியூப் வேறுபடும் என்று சிஸ்டர் சொன்ன ஞாபகம். விரல் மெஷினில் எழுபத்தொன்று என்று எழுதியிருக்கிறேன், எழுபத்தேழாகவும் இருக்கலாம், அப்போது என் கண்ணில் தண்ணீர் இருந்தது. அச்சுக்குக் கொடுக்கும் முன்னே, இந்த வேலை தெரிந்த நர்ஸ் யாராவது ஒருவர் இதை முழுக்கப் படித்து, தப்பாக இருப்பதைத் திருத்திவிடணும். என்னைக் கேட்கவேண்டியதில்லை, நேராகத் திருத்திவிடலாம்.